சீலோவாம் கோபுரமும் சாமி வண்டியும்

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தியில் சிலர் இயேசுவிடம் ஒரு செய்தியோடு வருகிறார்கள். கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்த வேளையில் பிலாத்து அவர்களைக் கொன்றான் என்பது செய்தி. வந்தவர்கள் செய்தியை மட்டும் கொண்டுவரவில்லை. அதற்குள் ஒரு தீர்ப்பையும் மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவ்வளவு கோரமாகச் செத்தார்கள் என்றால் அவர்கள் ஏதோ செய்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பு. அதை அவர்கள் வாய்திறந்து சொன்னதாக லூக்கா எழுதவில்லை. ஆனால் இயேசு பதில் சொல்வது அந்தச் சொல்லாத சொல்லுக்குத்தான். அதோடு விடாமல், தாமாகவே இன்னொரு செய்தியையும் எடுத்து வைக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்கிறார். இல்லை என்று தாமே பதிலும் சொல்லிவிடுகிறார்.

முதல் செய்தியில் ஒரு கொடுங்கோலன் இருக்கிறான், அவனைத் திட்டலாம். இரண்டாவது செய்தியில் திட்டுவதற்கு யாரும் இல்லை. கோபுரம் விழுந்தது, கீழே நின்றவர்கள் செத்தார்கள், அவ்வளவுதான். நமக்கு இந்த ‘அவ்வளவுதான்’ பிடிப்பதில்லை. எதையாவது சொல்லி அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறோம்.

குருமடத்து நாள்களிலிருந்து இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை இதே ஞாயிறில் மறையுரையும் ஆற்றியிருக்கிறேன். இந்த ஆண்டு வாசிக்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. கடந்த திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் கோபுரம் எங்கள்மேலும் விழுந்தது. கோபுரத்தடியில் நின்றவர்கள் மூன்று பேர். நானும் எங்கள் ஓட்டுநர் தம்பியும் பிழைத்துக்கொண்டோம். ஒருவர் இறந்துபோனார்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பங்கு மக்களுக்கு அது கார் இல்லை, ‘சாமி வண்டி’. 1991-இல் பதிவான டீசல் அம்பாசடர். அப்போதிருந்த பங்குத்தந்தை, இப்போது இறைவனடி சேர்ந்துவிட்டார், சுற்றியுள்ள கிளைக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் முழங்கால் தேய்ந்தவர். மக்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் என்று கொடுத்து, விற்று, கடனையும் உடனையும் சேர்த்து வாங்கிக் கொடுத்த வண்டி. 108 ஆம்புலன்ஸ் 2008-இல்தான் நம் மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் பங்கு இல்லத்துக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒரு பெண்குழந்தை அந்த வண்டியின் பின்சீட்டிலேயே, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், பிறந்திருக்கிறது. அவள் திருமணத்துக்கு மாலை கட்டி அழைத்து வந்ததும் அதே வண்டிதான். பாம்பு கடித்தவர்கள், பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பிள்ளைகள், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணி சுற்றி வந்த உடல்கள், எல்லாரும் அதில் ஏறியிருக்கிறார்கள். சாதி பார்க்காமல், மதம் பார்க்காமல் ஏற்றிய வண்டி. அந்த ஊரில் அப்படி வேறு எதையும் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

அம்பாசடர் என்றாலே நம் மக்களுக்கு ஒரு பற்று உண்டு. ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி, 1950-களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி, 2014 மே மாதத்தில் தயாரிப்பு நின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முகமே மாறாமல் இருந்த வண்டி. எங்கள் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபிறகு ஐந்தைந்து ஆண்டாக மறுபதிவு செய்து ஓட்டி வந்தோம். பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய்தான் அதற்கு மருத்துவர். உதிரிபாகத்துக்குத் திருச்சி, மதுரை என்று பழைய இரும்புக் கடைகளில் அலைவார். ஒருநாள் அவராகவே இரண்டு சீட் பெல்ட் வாங்கிவந்து, நடுத்தூணில் துளைபோட்டு, பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்து, முன்சீட்டு இரண்டுக்கும் முடுக்கிவிட்டுப் போனார். “ஹைவேல போறீங்க சாமி, இது இல்லாம வண்டிய வெளிய விடமாட்டேன்” என்றார். அன்று முதல் ஓட்டுநர் தம்பியும் பிடிவாதக்காரர் ஆகிவிட்டார். நான் பெல்ட் மாட்டிய சத்தம் கேட்டால்தான் சாவியைத் திருப்புவார்.

விபத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் நான்கைந்து வினாடி. மதுரையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு திருச்சி நோக்கி வந்துகொண்டிருந்தோம். துவரங்குறிச்சி தாண்டி, விராலிமலைக்கு முன்னால், பொழுது சாய்ந்து விளக்குப் போடலாமா வேண்டாமா என்று இருக்கிற நேரம். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. அதற்கு முன்னால், சாலையின் ஓரமாக, எங்களை எதிர்த்து ஒரு மொபெட் வந்திருக்கிறது; பின்னால் புல்லுக்கட்டு. லாரிக்காரர் அவரைத் தப்பவிட வலப்பக்கம் ஒடித்துப் பிரேக் போட்டார். லாரியின் பின்பகுதி அப்படியே குறுக்கே திரும்பியது. தம்பி பிரேக்கின்மேல் ஏறி நின்றார். அப்படியும் போதவில்லை. லாரியின் மூலையில் இடித்து, சுழன்று, நடுத்திட்டில் ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எனக்குக் காறையெலும்பும் இரண்டு விலாவும் முறிந்தன. தம்பிக்கு மணிக்கட்டு. பின்சீட்டில் கட்டி வைத்திருந்த பாட்டுப் புத்தகங்கள் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து, முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு சாலையில் போய் விழுந்தன. பின்னால் மனிதர்கள் உட்கார்ந்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. காரில் பின்சீட்டில் உட்காருகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடைக்காரர் ஒருவரும் ஆடு ஓட்டிக்கொண்டு போன இரண்டு பெண்களும்தான் முதலில் வந்தார்கள். கதவு திறக்கவில்லை. டீக்கடைக்காரர் கண்ணாடித் துண்டுகளுக்குள் கைவிட்டுப் பெல்ட்டை அறுத்தார். “கேஸு கீஸுன்னு நம்மள இழுப்பாங்களோ?” என்று அவர் அந்தப் பெண்களிடம் கேட்டது என் காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டேதான் அறுத்தார். நேயர்களே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016-இலேயே உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை உறுதிப்படுத்திவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. எரிகோ சாலையில் நல்ல சமாரியர் தம் கைக்காசை எடுத்துச் சாவடிக்காரரிடம் கொடுத்தார். நமக்கு அந்தச் செலவும் இல்லை. குனிந்தால் போதும்.

புல்லுக்கட்டோடு வந்தவருக்கு ஆம்புலன்ஸ் வந்தும் பயன் இல்லை.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தேன். பங்கு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பழமும் ஹார்லிக்ஸும் குவிந்தன. வந்தவர்கள் பேசியதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன், ஏனெனில் அதில்தான் சீலோவாம் இருக்கிறது. அவர்கள் சொன்னவற்றில் மூன்று திரும்பத் திரும்ப வந்தன.

ஒன்று: “சாமி, அம்பாசடரா இருக்கப்போய் தப்பிச்சீங்க. இப்ப வர்ற தகரக் காரா இருந்தா அவ்ளோதான்.”

இன்னொன்று: “மாதாதான் சாமி காப்பாத்துனாங்க.” வண்டியின் முன்பலகையில் வேளாங்கண்ணி மாதா சுரூபம் ஒன்று ஒட்டியிருந்தது. அது கீறல் இல்லாமல் கிடைத்தது என்பது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. (பக்கத்தில் ஒட்டியிருந்த புனித கிறிஸ்தோபர் பதக்கம் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. 1969-இல் பொது நாள்காட்டியிலிருந்து அவருடைய விழாவை எடுத்ததிலிருந்தே பாவம், அவருக்கு மவுசு குறைந்துவிட்டது.)

மூன்றாவது, கொஞ்சம் தாழ்ந்த குரலில்: “அந்த ஆளு ராங் சைடுல வந்தான் சாமி. அவனாத் தேடிக்கிட்டது.”

முதல் பேச்சுக்கு மெக்கானிக் பாயே பதில் சொன்னார். வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது; முப்பது வருஷம் கைவைத்த வண்டி அல்லவா. கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்: “எல்லாரும் இரும்பு காப்பாத்துச்சுங்கறாங்க சாமி. கெட்டி இரும்பு அடிய வாங்காது. உள்ள இருக்கறவனுக்கு அனுப்பிடும். உங்கள இழுத்துப் புடிச்சது அந்த நாடாதான்.”

பாய் படிக்காமல் சொன்னதைப் படித்தவர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2009-இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஒன்று 1959-ஆம் ஆண்டு செவ்ரலே பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டு செவ்ரலே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய கார் பெரியது, பார்க்க மலைபோல் இருக்கும். மோதியபோது அதன் உள்கூடு நொறுங்கியது. ஓட்டுநர் இருக்கையில் வைத்த பொம்மை மனிதனாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். புதிய காரின் மூக்கு அப்பளமாக நொறுங்கியது. ஆனால் ஆள் உட்காரும் இடம் அப்படியே இருந்தது. நொறுங்கவேண்டிய இடத்தில் நொறுங்கிக் கொடுத்து, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எங்கள் ஆலயக் கோபுரத்தில் மணி தொங்கும் உயரம். அங்கிருந்து விழுகிறவனுக்குக் கீழே பாறை இருப்பது நல்லதா, வைக்கோல் போர் இருப்பது நல்லதா?

ஆகவே என் மக்களே, எனக்கும் அந்த வண்டிமேல் உங்களைவிடக் குறைவான பாசம் இல்லை. ஆனால் பாசத்துக்காகப் பொய் சொல்ல முடியாது. வண்டி எங்களைக் காப்பாற்றவில்லை. வண்டிக்குள் பாய் கட்டிய நாடா காப்பாற்றியது. என் இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை ஒரு கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. திருத்தொண்டர்கள் ஸ்டோல் அணிவது சரியாக அப்படித்தான். திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்ட நாளுக்குப் பிறகு அதே கோணத்தில் எனக்கு இரண்டாவது முறையாக ஒன்றை அணிவித்திருக்கிறார்கள். இம்முறை அணிவித்தவர் ஒரு மெக்கானிக்.

அப்படியானால் மாதா காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். அந்தச் சுரூபத்தை நானும் முத்தமிட்டுத்தான் அறையில் வைத்திருக்கிறேன். இறைப்பராமரிப்பு என்றால் என்ன என்று குருமடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது, புனித தோமா அக்குவினாரிடமிருந்து ஒரு கருத்தைப் பேராசிரியர் பிழிந்து கொடுத்தார். கடவுள் எல்லாவற்றையும் தாமே நேரடியாகச் செய்ய முடியாதவர் அல்லர். இருந்தும் தம் படைப்புகளின் வழியாகச் செய்கிறார். ஏன்? சக்தி போதாமல் அல்ல. நன்மை செய்யும் பெருமையில் படைப்புகளுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்ற தாராளத்தால். அன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அது புரிந்தது.

சுவீடன் நாட்டில் நில்ஸ் பொலின் என்று ஒரு பொறியாளர் இருந்தார். விமானத்திலிருந்து விமானியை வெளியே எறிந்து காப்பாற்றும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். 1958-இல் வோல்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, தோளிலிருந்து இடுப்புக்கும், இடுப்புக்குக் குறுக்கேயும் ஓடி மூன்று இடங்களில் பிடிக்கும் பெல்ட்டை உருவாக்கினார். ஒரே கையால் மாட்டலாம். உள்ளுறுப்புகளை நசுக்காமல் எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த நிறுவனம் அதற்கான காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் எல்லாக் கார் நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அப்படித் திறந்துவிட்டது பல கைகள் மாறி, ஒரு பட்டறை வழியாக, என் தோளுக்கு வந்து சேர்ந்தது. பொலின் 2002-இல் இறந்துபோனார். நன்றித் திருப்பலியில் அவர் பெயரையும் பாய் பெயரையும் டீக்கடைக்காரரையும் சேர்த்துச் செபித்தபோது பீடச்சிறுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதா காப்பாற்றினாள் என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். யார் யாருடைய கைகளால் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருப்பது மறந்துபோகும்.

இதற்குள் பங்குப் பேரவையில் ஒரு யோசனை உருவாகியிருந்தது. நொறுங்கிய வண்டியை அப்படியே கொண்டுவந்து, ஆலய முற்றத்தில் மேடை கட்டி, கண்ணாடிக் கூண்டு போட்டு நிறுத்துவது. ‘அன்னை காத்த வாகனம்’ என்று கல்வெட்டு வைப்பது. பணம்கூட வசூலாகத் தொடங்கிவிட்டது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. முப்பது வருஷத்துப் பாசம். தூக்கிப் போட மனம் வரவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போவதைவிட முற்றத்தில் நின்றால் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்ற ஆசை.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “முதலில் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வருவோம்” என்றேன். எந்த வீடு என்று இரண்டொருவர் கேட்டார்கள்.

தோள் கட்டோடு, உபதேசியாரையும் பேரவையில் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிச் சிறிய வீடு. வாசலில் மொபெட் நின்றது, முன்சக்கரம் இல்லாமல். அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். சாவு வீட்டில் எங்களுக்கு மோர். அவர் அழவில்லை. ஒன்றை மட்டும் எங்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைத்தவர்போல் பேசினார்.

“எங்க வீடு ரோட்டுக்கு இந்தாண்ட, காடு அந்தாண்ட சாமி. முன்னாடி சின்ன ரோடா இருந்துச்சு, குறுக்கால போயிருவோம். பெரிய ரோடு போட்டதுக்கப்புறம் நடுவுல செவுரு கட்டிட்டாங்க. திரும்பற எடம் ரெண்டு பக்கமும் ரொம்பத் தூரம். புல்லுக்கட்ட வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் யாரு சுத்துவா? இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. நேத்து நான்கூட அப்படித்தான் வந்தேன்.”

அவனாத் தேடிக்கிட்டது என்று சொன்னவர்களில் ஒருவர் அன்று எங்களோடு வந்திருந்தார். மோர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

சுவரில் விராலிமலை முருகன் படம். அதற்குக் கீழே அந்த மனிதர் படம், புதிதாக மாட்டியது. அந்த அம்மா காலையும் மாலையும் கையெடுத்துக் கும்பிட்டவர். இந்த வாசலில் நின்றுகொண்டு, கடவுள் எங்களைக் காப்பாற்றினார் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதன் மறுபாதியை அந்த அம்மா மனதுக்குள் முடித்துக்கொள்ள மாட்டாரா? அப்போது எனக்கு இந்த நற்செய்திதான் நினைவுக்கு வந்தது. சீலோவாமில் செத்த 18 பேருக்கும் வீடு இருந்திருக்கும். அவர்கள் பெண்டு பிள்ளைகளிடம் ஊர் என்ன சொல்லியிருக்கும்? இயேசு அந்த ஒரே சொல்லால், இல்லை என்ற சொல்லால், அந்த வீடுகளின் வாசலைக் காத்து நிற்கிறார்.

பிழைத்தவர்களையும் அந்தச் சொல் விட்டுவைப்பதில்லை. செத்தவர் பாவி இல்லை என்றால், பிழைத்தவன் புண்ணியவானும் இல்லை. மால்டா தீவில் பவுலுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். கப்பல் உடைந்து 276 பேர் கரையேறினார்கள். கையில் பாம்பு சுற்றியதும், இவன் கொலைகாரன், கடலில் தப்பியும் பழி விடவில்லை என்றார்கள் அந்தத் தீவினர். பாம்பு ஒன்றும் செய்யாததைக் கண்டதும் இவர் ஒரு தெய்வம் என்றார்கள். கொலைகாரன் தெய்வமாகிவிட்டான். பவுல் இரண்டும் இல்லை. அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கிய ஒரு கைதி. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த சிலர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது எனக்கு அந்தத் தீவு நினைவுக்கு வந்தது.

ஆனால் இயேசு ‘இல்லை’ என்பதோடு நிறுத்துவதில்லையே. மனம் மாறாவிட்டால் நீங்கள் எல்லாரும் அப்படியே அழிவீர்கள் என்ற பொருளில் ஒரு கடுமையான சொல்லையும் சேர்க்கிறார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவதுபோல் தோன்றும். அப்படி இல்லை. செத்தவர்களைப் பற்றிய கேள்வியை அவர் மூடிவிட்டு, நிற்கிறவர்களை நோக்கித் திரும்புகிறார். அவன் ஏன் செத்தான் என்று கேட்காதே. நீ இன்னும் நிற்கிறாயே, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார். உடனே அத்திமர உவமை வருகிறது. மூன்று ஆண்டாகக் காய்க்காத மரம். வெட்டிவிடச் சொல்கிறார் தோட்ட உரிமையாளர். தோட்டக்காரர் குறுக்கே விழுந்து, இன்னும் ஓராண்டு விட்டுவையுங்கள், கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறார். மரம் தப்பித்தது, அது நல்ல மரம் என்பதால் அல்ல. இன்னொருவர் அதற்காகக் கேட்டார், அதனால். உவமை அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு காய்த்ததா இல்லையா என்று இயேசு சொல்லவில்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 460 பேருக்கு மேல். சீலோவாம் கோபுரம் நம் நாட்டில் நாள்தோறும் 25 முறை விழுகிறது, அன்பர்களே. நாம் ஒவ்வொரு முறையும் ராங் சைடு, குடிச்சிருப்பான், விதி, தலையெழுத்து என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். கோபுரம் ஏன் விழுகிறது என்று சுவரைப் போய்ப் பார்ப்பதில்லை.

அந்த வீட்டிலிருந்து திரும்பிய இரவே பேரவை கூடியது. மேடையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தவரே எழுந்து, வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கல்வெட்டுக்காக வசூலான பணத்தையும் இரும்பு விற்ற பணத்தையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவரின் படிப்புக்கென்று அஞ்சலகத்தில் போட்டிருக்கிறோம். எடைபோட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போன அன்று பாதி ஊர் நின்று பார்த்தது. பின்சீட்டில் பிறந்த பெண் புகுந்த வீட்டிலிருந்து தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பாய் மட்டும் ஸ்டீரிங்கைக் கழற்றிக்கொண்டார். அதை யாரும் தடுக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் குறுக்கே கடக்க ஒரு சுரங்கப்பாதையாவது, பக்கச் சாலையாவது வேண்டும் என்று மனு எழுதினோம். அவர்கள் ஊரிலும் எங்கள் பங்கிலும் கையெழுத்து வாங்கினோம். ஒன்றுக்கு இரண்டு அலுவலகங்களில் கொடுத்தாயிற்று. இது எங்கள் வேலை இல்லை, அவர்களிடம் கேளுங்கள் என்று ஒருவரை ஒருவர் காட்டுகிறார்கள். வருகிற வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம். பேரவையினரோடு அந்த அம்மாவும் வருகிறார்.

முப்பதாம் நாளன்று அவர் எங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில், பிள்ளைகளோடு. பலிக்கருத்தில் தம் கணவர் பெயரை வாசிக்க முடியுமா, அவர் கிறிஸ்தவர் இல்லையே என்று உபதேசியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். வாசித்தோம். வானொலியில் மட்டும் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை. இன்று மாலை உங்கள் வீட்டில் செபமாலை சொல்லும்போது ஒரு பத்து மணியை அவருக்காகச் சொல்லுங்கள். விராலிமலைக்குத் தெற்கே பெரிய சாலையில் புல்லுக்கட்டோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர் என்று சொன்னால் போதும்.